ஜார் மன்னர் நிலத்தை இலவசமாகக் கொடுத்தாரா?

"1861ல் ரஷ்யாவின் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமைகளை விடுவித்து, நிலத்தையும் இலவசமாகக் கொடுத்தார்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு.

ஜார் வெளியிட்ட விடுதலை அறிக்கை நிலவுடைமையாளர்களிடம் இருந்த சுமார் 2.3 கோடிப் பேரை விடுவித்தது. இனி அவர்களை விற்க முடியாது, திருமணத்துக்கு எஜமானிடம் அனுமதி கேட்க வேண்டாம். இது பெரிய மாற்றம்தான்.

ஆனால் நிலத்துக்கு விலை உண்டு. பெரும்பகுதியை அரசு முன்கூட்டியே பண்ணையாருக்குக் கொடுத்துவிட்டு, விவசாயியிடம் அந்தத் தொகையில் ஆண்டுக்கு 6 சதவீதம் வீதம் 49 ஆண்டுகள் வசூலிக்கும். கூட்டிப் பாருங்கள், வாங்கிய கடனைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு! ஒருவர் கட்டத் தவறினால் கிராமச் சமூகம் முழுவதும் பொறுப்பு. பல இடங்களில், அதுவரை உழுத நிலத்திலேயே ஒரு பகுதியைப் பண்ணையார் வெட்டி எடுத்துக்கொண்டார். வீட்டு வேலைக்காரர்களுக்கு நிலமே இல்லை.

இலவசமாக நிலம் பெற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் அது அந்தப் பகுதிக்கு வரையறுத்த அதிகபட்ச நில அளவில் கால் பங்குதான். மக்கள் அதைப் 'பிச்சைக்காரன் பங்கு' என்றே அழைத்தார்கள்.

கசான் மாகாணத்தின் பெஸ்த்னா கிராமத்தில், ஜார் முழு விடுதலை கொடுத்துவிட்டார் என்று அந்தோன் பெத்ரோவ் என்ற விவசாயி சொன்னதை நம்பி மக்கள் திரண்டார்கள். 1861 ஏப்ரலில் ராணுவம் அவர்களைச் சுட்டது. பெத்ரோவும் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1905 புரட்சிக்கு அப்புறம்தான், 1907 ஜனவரி முதல், அந்தத் தவணைகள் ரத்தாயின.