இணைப்புகளை விலைக்கு வாங்கச் சொல்லாதீர்கள்

கடையின் இணையதளத்தைக் கூகுள் தேடலில் முன்னுக்குக் கொண்டுவருவது பற்றிய உங்கள் கட்டுரையின் மற்ற யோசனைகள் நன்று. ஆனால் வெளித்தளங்களிலிருந்து இணைப்புகளை (நம் தளத்துக்கு அழைத்துவரும் சுட்டிகளை) மொத்தமாக விலைக்கு வாங்கினால் கூகுளில் முதல் பக்கம் உறுதி என்று சொல்லும் பத்தியைத் தயவுசெய்து நீக்குங்கள். அமெரிக்காவின் பெரிய கடைச் சங்கிலியான ஜேசி பென்னிக்கு என்ன நேர்ந்தது? சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து வந்த இணைப்புகளின் புண்ணியத்தில், உடை முதல் படுக்கை விரிப்பு வரை எதைத் தேடினாலும் அந்தக் கடைதான் முன்னால் நின்றது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதை அம்பலப்படுத்தியது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும் வரவேற்பறை அறைகலன் தேடலில் முதலிடத்திலிருந்து 68-ஆம் இடத்துக்குச் சரிந்தது. அடுத்த ஆண்டே, இப்படிப்பட்ட தளங்களைக் குறிவைத்து, கூகுளின் தேடல் வரிசை முறையில் பெங்குவின் என்ற மாற்றமும் வந்தது.

அவ்வளவு பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். நம் ஊர்ச் சிறு வியாபாரி தாங்குவாரா? கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்ய ஒரு பைசா செலவில்லை. பொருத்தம், தூரம், பிரபலம் ஆகியவற்றை வைத்தே உள்ளூர்த் தேடலில் வரிசை அமைகிறது, அந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. கடை வாசலின் படம், சரியான தொலைபேசி எண், பொங்கலன்று திறந்திருக்குமா என்ற தகவல், குறை சொன்ன வாடிக்கையாளருக்கு மரியாதையான ஒரு பதில்: இதையெல்லாம் விட்டுவிட்டு, மாதாமாதம் இடைத்தரகர்களுக்குப் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.