பழைய வீராவுக்கு முதலில் ரப்பர், பிறகு ரிம்

எங்கள் பேராக் சுங்கை சிப்புட் பக்கம் புரோட்டான் வீரா கார் வைத்திருக்கும் தம்பிகளில் பாதிப் பேர் காரை மேலிருந்து கீழாகப் பார்க்கிறார்கள். முதலில் ரிம், அப்புறம் எக்ஸாஸ்ட், அப்புறம் ஈவோ பம்பர், காசு மிச்சம் இருந்தால் பிரேக். நான் கீழிருந்து மேலே போகிறவள். முப்பது வயது ஆன காருக்குச் செய்யக்கூடிய பெரிய மோடிஃபை, ஃபேக்டரியை விட்டு வெளியே வந்த நாளில் அது எப்படி ஓடியதோ அப்படி மறுபடியும் ஓட வைப்பதுதான் என்பது என் கட்சி. அதில் முக்கால்வாசியை வீட்டுப் போர்ச்சிலேயே செய்துவிடலாம் என்பதும் என் கட்சிதான்.

என்னுடையது 1995 வீரா, 1.6. அப்பா தோட்டத்து ரப்பர் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனதும் இ.பி.எஃப். காசில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஸ்டோர் கிராணியிடம் ஒரு பேரிங் கேட்டு வாங்குவதற்குள் பொழுது போய்விடும் என்பதால், இருப்பதைக் கழற்றிப் பார்த்துச் சரிசெய்யும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு ஊறிப்போயிருந்தது. லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தபோது அவருடைய டூல் பாக்ஸும் கூடவே வந்தது, இப்போது என்னிடம் இருக்கிறது. பொம்பளைக்கு எதுக்கு ஸ்பானர் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களில் சிலர்தான் இப்போது கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் காலை ஏழு மணிக்கே போன் போடுகிறார்கள்.

வீரா 1993-ல் வந்த மலேசியக் கார். அடிப்படை அந்தக் காலத்து மிட்சுபிஷி லான்சர். அதன் பெருமையே பின்பக்கம்தான்: இரண்டு பின் சக்கரத்துக்கும் தனித்தனி மல்டிலிங்க் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் பல ஆர்ம்கள் பிடித்திருக்கும். இன்றைக்கு ஓடும் பல சின்னக் கார்களில் பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துக் கட்டும் வெறும் டோர்ஷன் பீம்தான் இருக்கிறது. வளைவில் வீரா ஒட்டிக்கொண்டு போகிறது என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதற்குக் காரணம் அந்த ஆர்ம்கள். ஆனால் ஆர்ம்களின் முனைகளில் இருப்பது ரப்பர் புஷ், அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் வைத்த வளையம். முப்பது வருட வெயிலும் செம்மண் ரோடும் பார்த்த ரப்பர் என்ன கதியில் இருக்கும்?

போன மாதம் எங்கள் தாமான் பையன் ஒருவன் வந்தான். பதினேழு இஞ்ச் ரிம், லோவரிங் ஸ்பிரிங். "அக்கா, டயர் உள்பக்கமா தேஞ்சிக்கிட்டே போவுது. அலைன்மென்ட் பண்ணிப் பண்ணிக் காசுதான் போச்சு." பின்னால் தூக்கி ஸ்டாண்டு வைத்துவிட்டு ஆர்முக்கு நடுவே கம்பியை விட்டு நெம்பினேன். ஆர்ம் தாராளமாக முன்னும் பின்னும் போய் வந்தது. டார்ச் அடித்துக் காட்டினேன். இரும்பு வளையத்துக்குள் ரப்பர் முழுக்கப் பிரிந்து, நடுக்குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. "இதை வச்சிக்கிட்டு எந்த மெஷின்ல அலைன்மென்ட் பண்ணாலும் கடையை விட்டு வெளிய வர்ற வரைக்கும்தான் தம்பி நிக்கும்" என்றேன். ரிம்முக்குக் கொடுத்த காசில் நான்கு மூலைக்கும் புஷ், அப்சோர்பர், லிங்க் எல்லாம் மாற்றி மிச்சமும் இருந்திருக்கும். பையன் முகம் போன போக்கைப் பார்த்து அதற்கு மேல் நான் பேசவில்லை.

புஷ் வாங்கப் போனால் தவுக்கே (கடை முதலாளி) கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, மாவ் ஓரிஜினல் கா, தைவான் கா?" ஒரிஜினல் கிடைக்கிறவரை ஒரிஜினல். கிடைக்காவிட்டால் நல்ல தைவான் ரப்பர். பி.யூ. (பாலியூரித்தேன்) புஷ் வேண்டாம் என்பேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். டிராக்கில் ஓட்டுகிறவனுக்கு அது சரி. மல்டிலிங்க் ஆர்ம் ஒரே திசையில் மட்டும் அசைவதில்லை, கொஞ்சம் முறுக்கிக்கொண்டும் அசையும். ரப்பர் அந்த முறுக்குக்கு வளைந்து கொடுக்கும், கெட்டியான பி.யூ. கொடுக்காது. செம்பனை லோரி ஓடிப் பள்ளமான ரோட்டில் தினமும் போய் வந்தால் அந்த அடியெல்லாம் உங்கள் முதுகுக்குத்தான் வரும்.

ரப்பர் என்றதும் எல்லாரும் காருக்கு அடியில்தான் பார்க்கிறார்கள். இஞ்சின் மேலேயும் ரப்பர் இருக்கிறது. 1.6-இல் உள்ள 4ஜி92 இஞ்சினில் பிளக்குகள் வால்வு கவருக்கு நடுவே, ஆழமான நான்கு குழாய்களுக்குள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சீல். அது காய்ந்து பிளாஸ்டிக் மாதிரி ஆனதும் இஞ்சின் ஆயில் சொட்டுச் சொட்டாகக் குழாய்க்குள் இறங்கும். பிளக் கேபிளை இழுத்துப் பாருங்கள், நுனி எண்ணெயில் முங்கி வந்தால் ஆள் மாட்டினான் என்று அர்த்தம். மழை நாளில் திக்கும், ஏற்றத்தில் இடிக்கும். வொர்க்‌ஷாப்புக்குப் போனால் பிளக், கேபிள், டிஸ்ட்ரிபியூட்டர் என்று வரிசையாக மாற்றச் சொல்வார்கள். எல்லாம் மாற்றியும் சில வாரத்தில் மறுபடி திக்கும், ஏனென்றால் ஆயில் வரும் வழி அடைபடவில்லையே! நான்கு சீலும் ஒரு கவர் கேஸ்கெட்டும் போட்டால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கோப்பி குடித்துவிட்டு ஆரம்பித்தால் மத்தியானச் சோற்றுக்குள் முடியும் வேலை. ஒன்று மட்டும் கவனம்: கவர் போல்ட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்காதீர்கள். கேஸ்கெட் பிதுங்கும், கீழே அலுமினிய மரையும் போய்விடும்.

இனி எனக்கு உண்மையிலேயே எரிச்சல் மூட்டும் விஷயம், தெர்மோஸ்டாட். "நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்கு அக்கா, கழட்டிப் போட்டா இஞ்சின் கூலா இருக்கும்" என்று சொல்லும் ஃபோர்மேன்கள் எல்லா ஊரிலும் உண்டு. என் காரிலும் ஒருவர் எனக்குச் சொல்லாமலே கழற்றியிருந்தார். இஞ்சின் கூலாக இருக்கக் கூடாது, அதற்கென்று உள்ள சூட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் எண்பது டிகிரிக்கு மேல் போனால்தான் தெர்மோஸ்டாட் திறந்து அதை ரேடியேட்டருக்கு விடும். அது இல்லாவிட்டால் மழையில் ஹைவேயில் ஓடும்போது தண்ணீர் அந்தச் சூட்டுக்கே வருவதில்லை. இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ., இஞ்சின் இன்னும் குளிரில் இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும். ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கி, கவருக்குள் பழுப்பு நிறத்தில் சேறு பிடிக்கும். பழைய காரு, பெட்ரோல் தின்னுது என்று பழியைக் காரின் வயதின் மேல் போடுகிறோம். ஒழுங்கான தெர்மோஸ்டாட்டோடு கார் சூடேறினால் குற்றம் வேறெங்கோ இருக்கிறது: அடைத்துப்போன ரேடியேட்டர், சுத்தாத ஃபேன், தேய்ந்த வாட்டர் பம்ப், பிடிக்காத மூடி. அதைத் தேடிப் பிடிக்கப் பொறுமை இல்லாதவன்தான் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுகிறான்.

பைப் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். இந்த இஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகமும் ஒரே வெறும் தண்ணீரில் நின்றால் அரிப்பு நிச்சயம். கூலண்டைத் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றுகிறார்கள் என்று நினைத்து 'நம்ம நாட்டுல ஐஸா கட்டுது' என்று சிரிக்கிறார்கள். இங்கே நமக்கு வேண்டியது அதில் இருக்கும் துருத் தடுப்பு மருந்து.

பிரேக் எண்ணெயைப் பற்றி யாரும் படம் போட்டு லைக் வாங்குவதில்லை, அதனால் அதை யாரும் மாற்றுவதும் இல்லை. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியபின் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடுகிறது. கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்கு வரும்போது மெனோரா சுரங்கத்தைத் தாண்டி இறக்கம் வருமே, முன்னால் லோரி, பின்னால் பஸ், காலை பிரேக்கிலிருந்து எடுக்க முடியாது. அங்கே பெடல் பஞ்சாகி உள்ளே போனால் பதினேழு இஞ்ச் ரிம் வந்து காப்பாற்றாது. எண்ணெய் விலை சொற்பம். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் நிப்பிளைத் திறந்து மூட, வீட்டிலேயே மாற்றலாம். எங்கள் வீட்டில் பெடல் மிதிப்பது மகன் வேலை. போனைப் பார்த்துக்கொண்டே மிதிக்காதே என்று கத்துவது என் வேலை.

முப்பது வயது காரில் ரப்பருக்கு அடுத்தபடி வயதாவது எலக்ட்ரானிக்ஸ். தொண்ணூறுகளின் ஈ.சி.யூ. போர்டில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் காலம் போகப் போகக் கசியும். ஐட்லிங் ஏறி இறங்குகிறதா, செக் இஞ்சின் விளக்கு மனம் போனபடி வந்து போகிறதா? சென்சார் சென்சாராக மாற்றுவதற்கு முன்னால் ஈ.சி.யூ. பெட்டியைத் திறந்து மோந்து பாருங்கள், கிண்டல் இல்லை. கசிந்திருந்தால் மீன் கவிச்சி மாதிரி வாடை அடிக்கும். கெபாசிட்டரின் காலடியில் பச்சை பூத்திருக்கும், பக்கத்தில் போர்டின் செம்புக் கோடு கறுத்திருக்கும். சீக்கிரம் பார்த்தால் 105 டிகிரி தாங்கும் புதுக் கெபாசிட்டர்களைப் பற்றவைத்துப் பிழைக்க வைக்கலாம், செம்புக் கோடே அரித்துப்போய்விட்டால் கஷ்டம். டி.வி., ரேடியோ ரிப்பேர் பார்த்த பழைய ஆள் யாராவது ஊரில் இருந்தால் கையோடு பிடித்து வையுங்கள். இன்னொரு சங்கதி: ஐட்லிங் மோட்டாரின் காயில் ஷார்ட் ஆனால் ஈ.சி.யூ.வுக்குள் அதை ஓட்டும் சிப்பையும் எரித்துவிடும். அதனால் மோட்டாரை மீட்டரில் அளக்காமல் புது ஈ.சி.யூ.வைக் கொண்டுபோய் மாட்டாதீர்கள், அதுவும் எரியும். கோளாறு எண்ணை (எரர் கோட்) படிக்கக் கம்ப்யூட்டர்கூடத் தேவையில்லை. ஓ.பி.டி.-2 என்ற பொதுச் சோதனை முறைக்கு முந்தின இந்த மிட்சுபிஷி குடும்பத்துக் கார்களில் ஊசி ஆடும் பழைய மீட்டரை டயக்னோஸ்டிக் சாக்கெட்டில் வைத்தால், நீள ஆட்டம் பத்து, குட்டை ஆட்டம் ஒன்று என்று கணக்குப் போட்டு அந்த எண்ணைக் கண்டுபிடிக்கலாம்.

அப்படியானால் இம்புரூவ்மெண்டே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். என் காரில் நான் கூடுதலாகச் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஹெட்லைட் ரிலே, அதாவது சின்னக் கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச். வயதான வயர், தேய்ந்த சுவிட்ச் எல்லாவற்றையும் தாண்டிப் பல்புக்குப் போவதற்குள் கரண்ட் களைத்துவிடுகிறது. பேட்டரியிலும் பல்பு சாக்கெட்டிலும் மீட்டரை வைத்து அளந்தால் வித்தியாசம் தெரியும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த தடித்த வயரை நேராக இழுத்து, பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் தட்டிவிடும்படி செய்தால் அதே ஹாலஜன் பல்பு வேறு பல்பு மாதிரி எரிகிறது. தோட்டத்து ரோட்டில் விளக்குக் கம்பம் இல்லை, மாடு நடுரோட்டில் படுத்துக் கிடக்கும். இதற்குப் போய் ஹாலஜன் ரிஃப்லெக்டருக்குள் கண் கூசும் எச்.ஐ.டி. பல்பைப் போட்டு எதிரில் மோட்டார் சைக்கிளில் வரும் பால்வெட்டு ஆளின் கண்ணைப் பறிப்பவர்களை என்ன சொல்வது?

ஓப்பன் பாட் ஃபில்டர் (பெட்டி இல்லாத ஏர் ஃபில்டர்): இஞ்சின் பேயில் உள்ள சூட்டுக் காற்றை உறிஞ்சும், சூட்டுக் காற்றில் ஆக்சிஜன் குறைவு. சத்தம் கூடும், பவர் கூடாது. எக்ஸாஸ்ட் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எங்கள் தெருவில் போகிறவன் பெயர் எனக்குத் தெரியும், அவன் அம்மாவையும் தெரியும்.

2009-ல் தேசிய வாகனக் கொள்கையை மாற்றியபோது, 15 வயதான கார்கள் வருடா வருடம் சோதனை பாஸ் ஆனால்தான் ரோட்டெக்ஸ் (சாலை வரி) என்று ஒரு யோசனை வந்ததும், மக்கள் போட்ட கூச்சலில் அது கைவிடப்பட்டதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கூச்சலில் எனக்கும் உடன்பாடுதான், ஆனால் பாதி. கூப்பிட்ட நேரத்துக்குப் பஸ் வராத ஊரில், வருடம் 90 வெள்ளி ரோட்டெக்ஸில் ஓடும் 1.6 வீரா பல குடும்பங்களுக்கு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் கால். வயதைக் காட்டி அதை ஒழிக்கக் கூடாது. அதற்காக பிரேக்கையும் அடிப்பாகத்தையும் யாருமே பார்க்கக் கூடாது என்று சொன்னால் அதுவும் நியாயமில்லை. பத்து வருட காரிலும் செத்த பிரேக் உண்டு. பரிசோதனை வேண்டும், கட்டணம் குறைவாக வேண்டும், எல்லா வயதுக் காருக்கும் வேண்டும்.

வீட்டில் செய்யாதவையும் உண்டு. அப்சோர்பர் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றுவதைச் சரியான ஸ்பிரிங் கம்பிரெசர் இல்லாமல் தொடமாட்டேன், அது தெறித்தால் முகம் இருக்காது. டைமிங் பெல்ட்டையும் நம்பிக்கையான ஃபோர்மேனிடம் கொடுத்துவிடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகவே கூடாது, அது யாராக இருந்தாலும். பழைய இஞ்சின் ஆயிலை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றுவதையும் நிறுத்துங்கள். 2005 விதிமுறைப்படி அது எஸ்.டபிள்யூ. 305 என்று பட்டியல் போட்ட கழிவு. டின்னில் பிடித்து, கழிவு ஆயில் சேர்க்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

இப்போது என் காரிலேயே பின் டிரெய்லிங் ஆர்ம் புஷ் மாற்ற வேண்டியிருக்கிறது. சாமான் கையில் இருக்கிறது, அழுத்தி ஏற்ற பிரெஸ் இல்லை. சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் ஹைட்ராலிக் பிரெஸ் வைத்திருப்பவர்கள், ஆர்மைக் கழற்றிக் கொண்டுவந்தால் அழுத்திக் கொடுப்பீர்களா, கூலி எவ்வளவு என்று கமெண்டில் சொல்லுங்கள். சுத்தியலால் அடிச்சே ஏத்திடலாம்கா என்று எழுதப் போகிறவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம்.