மதகு எங்கே என்று யாருக்குத் தெரியும்?

மார்கழி மழையில் எங்கள் ஒழுங்கைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். காலையில் சபைத் தொழிலாளி ஒருவர் அலவாங்கோடு வந்தார். ஆளுக்கு அறுபது வயது இருக்கும். சந்திக்கு மூன்று வீடு தள்ளி, மதிலோரம் புல் மூடிக் கிடந்த இடத்தைக் காட்டி, "இதுக்குக் கீழதான் தம்பி பழைய மதகு இருக்கு" என்றார். நான்கு பேர் சேர்ந்து கொங்கிறீட் மூடியைக் கிளப்பினோம். உள்ளே சொப்பின் பைகள், தேங்காய் மட்டை, கிழிந்த மெத்தை உறை. இழுத்துப் போட்டதும் சுழித்துக்கொண்டு இறங்கிய தண்ணீர் அரை மணித்தியாலத்தில் வடிந்துவிட்டது.

வரைபடம் ஏதும் இருக்கிறதா ஐயா என்று கேட்டேன். தலையைத் தொட்டுக் காட்டினார். அடுத்த வருடம் அவருக்கு ஓய்வு.

எங்கள் திருகோணமலை நகரசபை இப்போது மாநகரசபையாகிவிட்டது. தொழில்நுட்பத்தால் நகரத்தை நடத்தும் ஸ்மார்ட் சிட்டி ஆசை எனக்கும் இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கமராவிலும் பெரிய திரையிலும் தொடங்கக் கூடாது என்று அடித்துச் சொல்வேன். இந்தியாவில் 2015இல் 100 நகரங்களை எடுத்து இந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் கீழ் சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜார் கடைத்தெரு நடைபாதை 2019இல் அழகாகத் திறக்கப்பட்டது. 2021 நவம்பர் மழையில் அதே தியாகராய நகர்த் தெருக்களில் வெள்ளம் நின்றது. மேலே எவ்வளவு போட்டாலும் தண்ணீர் கீழேதானே போக வேண்டும்!

சோலைவரிக்காக வீட்டுக்கு வீடு இலக்கம் வைத்திருக்கிறோம். அதேபோல ஒவ்வொரு மதகுக்கும் வாய்க்காலுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, கைத்தொலைபேசியில் இடத்தைக் குறித்து, படத்தோடு பதிந்தால் என்ன? யாரும் இடம் குறிக்கக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இலவசம். கடைசியாக எப்போது துப்புரவு செய்தார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். அதை யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

முறைப்பாடும் அப்படித்தான். முன்பு ஒரு தெருவிளக்குக்காக ஓர் அலுவலகத்தில் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனால் அந்தக் கொப்பி முடிந்து புதியது வந்திருந்தது. பழையது எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முறைப்பாட்டுக்கு ஓர் இலக்கமும், கிடைத்தது என்று தமிழில் ஒரு குறுஞ்செய்தியும் வந்திருந்தால் நான் அலைந்திருக்க மாட்டேன். செயலி வைத்தாலும் சரி, தொலைபேசியில் சொல்லும் வழியும் இருக்க வேண்டும். என் அம்மாவுக்குச் செயலி தெரியாது, தெருவிளக்கு தேவை.

அப்புறம், குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தாலே பைகள் சந்தியில் குவியாது, ஊருக்குள் திரியும் எங்கள் மான்களும் அதைத் தின்னாது.

2023 மார்ச்சில் இலங்கையின் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே தேர்தல் வரை கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை. ஆட்கள் மாறுவார்கள், பதிவு நிற்க வேண்டும்.

உறுப்பினர்களே, அந்த ஐயா ஓய்வு பெறுவதற்குள் வட்டாரம் வட்டாரமாக அவரோடு நடங்கள். அவருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியோடு கூட நடக்க நான் வருகிறேன். எங்கள் ஒழுங்கைப் பொடியன்கள் இரண்டு பேரும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.