பிளாஸ்டிக் மேன் எப்போது ஐயா சீரியஸாக இருந்தான்?

கைல் பேக்கர் எழுதி வரைந்த 'பிளாஸ்டிக் மேன்' காமிக்ஸ் தொடரைத் திட்டி வந்த அந்த விமர்சனத்தை யார் எழுதியது என்று நான் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் படித்தாயிற்று. 'கைல் பேக்கர் ஒரு கிளாசிக் ஹீரோவைக் கோமாளி ஆக்கிவிட்டார்' என்ற வரிக்கு விழுந்த லைக்குகளைப் பார்த்த எரிச்சலில்தான் இது.

ஆக்கவில்லை ஐயா. அவன் பிறந்ததே அப்படித்தான்.

1941, போலீஸ் காமிக்ஸ் முதல் இதழ், இவனைப் படைத்தவர் ஜாக் கோல். ஈல் ஓ'பிரையன் என்ற திருடன் ரசாயன ஆலையில் கொள்ளையடிக்கப் போகிறான். காவலாளி சுடுகிறான், காயத்தில் அமிலம் கொட்டுகிறது, கூட்டாளிகள் அம்போவென்று விட்டுவிட்டு ஓடுகிறார்கள், ஒரு துறவி காப்பாற்றுகிறார். கண் விழித்தால் உடம்பு ரப்பர் மாதிரி நீள்கிறது, திருடன் திருந்தி பிளாஸ்டிக் மேன் ஆகிறான். வேறு யார் கையிலாவது கிடைத்திருந்தால் இதை வைத்தே அழவைத்திருப்பார்கள். கோல் சில பக்கங்களில் முடித்துவிட்டு வேடிக்கைக்குத் தாவிவிட்டார். 1942-ல், 13-வது இதழில் அவனுடைய கூட்டாளி வூஸி விங்க்ஸ் வந்தாயிற்று: புள்ளிச் சட்டை, வைக்கோல் தொப்பி, தொந்தி. இவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு காவியமா எழுதுவார்கள்?

சிரிப்பு வசனத்தில் மட்டும் இல்லை, வரைதலிலேயே இருக்கிறது. அவன் எந்த உருவத்துக்கு மாறினாலும் நிறம் மாறாது. வில்லன் சாய்ந்திருக்கும் நாற்காலி சிவப்பு, நடுவில் மஞ்சள்-கறுப்புப் பட்டை, அதாவது பிளாஸ்டிக் மேனின் உடுப்பேதான். நமக்குத் தெரிகிறது, வில்லனுக்குத் தெரியவில்லை. இந்த ஜோக் பலிக்க வேண்டுமானால் உருவத்தின் வெளிக்கோடு சுத்தமாக இருக்க வேண்டும், வண்ணம் தட்டையாக விழ வேண்டும். கட்டத்தை நிழலில் முக்கினால் பட்டை தெரியாது, ஜோக் செத்தது. நீளும் உடம்பும் அப்படித்தான். கோல் அதைக் காமிக்ஸ் பக்கத்தின் மேல் ரிப்பன் மாதிரி வளைத்து ஓடவிடுவார், நம் கண் அதைப் பிடித்துக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். தசை, நரம்பெல்லாம் போட்டு வரைந்த கையைப் பத்தடி இழுத்துப் பாருங்கள், சிரிப்பு வராது, வயிற்றைக் கலக்கும். பேக்கர் கார்ட்டூன் கோட்டுக்குப் போனது சோம்பேறித்தனத்தால் இல்லை. இந்த ஹீரோவுக்கு அதுதான் சரியான கோடு.

பேக்கரின் கதையும் அப்படியே. எஃப்.பி.ஐ. ஆளாக இருக்கும் பிளாஸ்டிக் மேனிடம், கொலைப் பழி விழுந்த ஈல் ஓ'பிரையனைப் பிடித்துவரச் சொல்கிறார்கள். அதாவது அவனையே. கோல் கொடுத்த இரட்டை வாழ்க்கையை எடுத்து பேக்கர் இன்னும் ஒரு முறுக்கு முறுக்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

'சின்னப்பிள்ளைச் சமாச்சாரம்' என்பீர்கள். ஆமாம், பேக்கரின் தொடர் 2005-ல் சிறுவர் பிரிவில் ஐஸ்னர் விருது (அமெரிக்கக் காமிக்ஸின் பெரிய விருது) வாங்கியது. முந்தைய ஆண்டு சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னரும் இதற்குத்தான், அதை மட்டும் வசதியாக விட்டுவிடுவீர்கள். எல்லா இதழும் ஒரே தரமா? இல்லை, விடுங்கள்.

'20 இதழில் நின்றுபோனதே, அதுவே சாட்சி' என்று ஒருவர். 1956-ல், கோலின் கதைகளை வெளியிட்ட குவாலிட்டி காமிக்ஸ் கடையைக் கட்டியபோது பிளாஸ்டிக் மேன் இதழும்தான் நின்றது. அப்படியென்றால் கோலும் தேறாதவரா? கோபம் பேக்கர் மேல் இல்லை, சிரிப்பின் மேல். யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டு மழையில் நின்றால்தான் இவர்களுக்குக் கலை. சிரிக்கவைப்பவன் என்றால் இளப்பம். கோலுக்கு நடந்ததும் அதுதான், இப்போது பேக்கருக்கும்.

கோலின் கதைகளை டிசி காமிக்ஸ் நிறுவனம் 'ஆர்க்கைவ்ஸ்' என்ற தொகுதிகளாகப் போட்டிருக்கிறது. முதல் தொகுதியில் வூஸி வரும் கதை வரையாவது புரட்டுங்கள். அதற்கப்புறமும் 'கோமாளி ஆக்கிவிட்டார்' என்று எழுத மனம் வந்தால் எழுதுங்கள், முதல் லைக் என்னுடையது.