பத்து நிமிட வேலையாம்!

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரியும் என்னிடம், ஒரு பொருளில் வந்த ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுத்து மதிப்பிடும் முறைசார் மீளாய்வு எழுதப் புறப்படும் ஆய்வாளர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து, “அண்ணாச்சி, நிலவேம்பைப் பற்றி வந்த எல்லாவற்றையும் தேடிக் கொடுங்கள், பத்து நிமிட வேலைதானே” என்கிறார்கள். அல்வாக் கடையில் கால் கிலோ கட்டித் தரச் சொல்வது போலத்தான் இருக்கிறது.

அந்த ஒரு செடிக்கே தாவரவியல் பெயர், வடநாட்டுப் பெயர், தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதும் வடிவங்கள் என்று பல சொற்கள் உண்டு. ஒன்றை விட்டால் கட்டுரை தப்பிவிடும், எல்லாவற்றையும் சேர்த்தாலோ வேளாண்மையும் வேதியியலும் ஐப்பசித் தாமிரபரணியாய்ப் பெருக்கெடுக்கும்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம், கட்டுரைகளைத் தேடும் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஓர் இலக்கணம் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பல மருத்துவத் தரவுத்தளங்களை ஒரே இடத்தில் தேடத் தரும் ஓவிட் தளத்தில் சொல்லின் இறுதியில் டாலர் குறியிட்டால் அதன்பின் எத்தனை எழுத்து வந்தாலும் ஏற்கும். அதே குறியை எம்பேஸ் என்னும் மருத்துவத் தரவுத்தளத்தின் சொந்தத் தளத்தில் இட்டால் ஓர் எழுத்துக்கு மேல் ஏற்காது. பப்மெட் என்னும் இலவச மருத்துவத் தேடுதளத்தில் உடுக்குறி (*) இட்டுச் சொல்லைச் சுருக்கினால், தானாகவே மெஷ் என்னும் பொருள்தலைப்புத் தொகுதியின் தலைப்போடு பொருத்தித் தரும் வசதி அச்சொல்லுக்கு ஓசையின்றி நின்றுவிடும். (எம்பேஸுக்கு மெஷ் போதாது, அதற்கு எம்ட்ரீ என்று தனிச் சொற்களஞ்சியம்.) கூகுள் ஸ்காலரோ லட்சக்கணக்கில் முடிவுகள் உள்ளதாகச் சொல்லிவிட்டு, முதல் 1000-க்கு மேல் காட்ட மறுக்கிறது.

முறைசார் மீளாய்வை எழுதுவதற்கான பிரிஸ்மா 2020 நெறிமுறைப்படி ஒவ்வொரு தளத்திலும் தேடிய முழு வரியையும் வெளியிட வேண்டும் என்று நான் தொடங்கும்போதுதான், “நாளைக்கு வரட்டுமா அண்ணாச்சி” என்று பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார்கள்.