லேரி டோபி முதல் கறுப்பின மேலாளர் அல்ல

'மேஜர் லீக் பேஸ்பாலின் முதல் கறுப்பின மேலாளர் லேரி டோபி' என்று ஒரு தகவல் படத்தோடு சுற்றி வருகிறது. இது தவறு. அமெரிக்காவின் முதன்மையான பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் அந்த இடம் ஃபிராங்க் ராபின்சனுடையது. 1975இல் கிளீவ்லாந்து அணியைக் களத்தில் வழிநடத்தும் மேலாளராகப் பொறுப்பேற்றார். அவுட்ஃபீல்டராக (வெளிக்களத் தடுப்பாளராக) ஆடி, அப்புறம் பயிற்சியாளரான டோபி, 1978இல் சிகாகோ ஒயிட் சாக்ஸின் மேலாளரானார். இரண்டாமவர்.

டோபிக்கு இல்லாத பெருமையை ஒட்டவைக்கத் தேவையே இல்லை. 1947 ஜூலை 5 அன்று களமிறங்கி, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அந்தப் படமும் ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் 1948 உலகத் தொடரின் நான்காம் ஆட்டம் முடிந்ததும் எடுத்தது. டோபியின் ஹோம் ரன்னும் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) கைகொடுக்க 2-1 என வென்ற, அவருடைய அணியின் வெள்ளையினப் பந்துவீச்சாளர் ஸ்டீவ் குரோமெக், கன்னத்தோடு கன்னம் சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார்.

பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் இணையதளத்தில் டோபியின் பக்கத்தைப் பார்த்துச் சரிபார்க்கலாம். தயவுசெய்து அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.