ஆச்சிக்கு ஒரு கதாநாயகி வேஷம்

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கீரை விற்கும் ஆச்சியிடம் ஒருவர் கட்டுக்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொன்னார். ஆச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீரை மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "மொதல்ல ஒம்ம சட்டைய எம்புட்டுக் குறைச்சு வாங்கினீருன்னு சொல்லும். நானும் அம்புட்டுக் குறைக்கேன்" என்றார். பக்கத்துக் கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எனக்கோ பிரான்சஸ் மேரியன் ஞாபகம் வந்துவிட்டது.

ஹாலிவுட்டில் ஊமைப்படக் காலத்திலேயே திரைக்கதை எழுத வந்த பெண். அன்றைய பெரிய நட்சத்திரம் மேரி பிக்ஃபோர்டுக்கு வரிசையாகப் படம் எழுதினார். 1930-ல் வந்த 'தி பிக் ஹவுஸ்' சிறைச்சாலைக் கதை. அதை எழுதுவதற்காக சான் குவென்டின் சிறைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எழுத்துக்கு ஆஸ்கர் வாங்கிய முதல் பெண் ஆனது அந்தப் படத்தால்தான். (அந்தச் சிலைக்கு மூளை இருக்க வேண்டிய பாதி மண்டையைக் காணோம் என்று பிற்பாடு கிண்டலும் அடித்தார்.) பாளை ஜெயில் மதிலை ஒட்டி எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். உள்ளே இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஆனால் நான் அவரைக் கொண்டாடுவது மேரி டிரெஸ்லருக்காக. ஒரு காலத்தில் நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்த நடிகை. பருத்த உடம்பு, அழகி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வயசும் ஏற, வாய்ப்பு நின்றுபோனது. மேரியன் அவரை மனசில் வைத்தே 1927-ல் ஒரு படம் எழுதினார். 'படம் எங்களைக் கேவலப்படுத்துகிறது' என்று ஐரிஷ்காரர்கள் கொதித்ததில், கம்பெனி அதைத் தியேட்டர்களிலிருந்தே எடுத்துவிட்டது. சரி, இத்தோடு முடிந்தது என்று வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். இவர் விடவில்லை. 1930-ல் 'மின் அண்ட் பில்'. துறைமுகத்து ஓரத்தில் விடுதி நடத்தும் அடாவடிக் கிழவி வேஷம். அறுபதைத் தாண்டிய டிரெஸ்லருக்குச் சிறந்த நடிகை ஆஸ்கர் கிடைத்தது.

நம் படங்களில் திருநெல்வேலி ஆச்சிக்கு என்ன தருகிறோம்? காதில் பாம்படம், வாயில் ரெண்டு கெட்ட வார்த்தை, இடைவேளைக்கு அப்புறம் ஒரு சாவு. எழுதுகிறவர் மார்க்கெட்டுக்கே வருவதில்லை என்பதுதான் என் சந்தேகம்.

பெண் எழுதினால்தான் இது வரும் என்று நான் சொல்லவில்லை. மேரியனின் இரண்டாவது ஆஸ்கர், நொடித்துப்போன ஒரு குத்துச்சண்டைக்காரனும் அவன் மகனும் வரும் 'தி சாம்ப்' கதைக்கு. காது வேண்டும், அவ்வளவுதான். நம்மூரிலும் நடிகை டி. பி. ராஜலட்சுமி 1936-லேயே தன் நாவலைத் தானே 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். அந்தப் பெயரைச் சொன்னால் சினிமாப் பைத்தியங்களே 'யாரு?' என்கிறார்கள்.

நானும் ஒரு கட்டு அரைக்கீரை வாங்கினேன். "ஆச்சி, சினிமால நடிக்கியளா?" என்று கேட்டேன்.

"சம்பளம் எம்புட்டு? பொறவு வந்து அஞ்சு ரூவா குறைன்னு சொல்லப்படாது."